ஊறட்டும், அமுக்காதே

எங்கள் கொல்லைக் கிணற்றுத் தண்ணீரைக் காய்ச்சினால் பாத்திரத்தின் அடியில் வெள்ளைப் பொருக்குப் படியும். பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவில், இரண்டு மாவட்டமும் முட்டிக்கொள்ளும் இடத்தில் இருக்கிறது ஊர். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல் இருந்தது. உழும்போது சிப்பி பதிந்த கல் இன்றைக்கும் கொழுவில் இடறும். அந்தக் கடல் விட்டுப்போன சுண்ணாம்பைத்தான் அரியலூர்ச் சிமெண்ட் ஆலைகள் தோண்டி எடுக்கின்றன. அதே சுண்ணாம்புதான் அப்பாவின் பருத்திக் கொல்லையில் சொட்டுநீர்க் குழாய்களையும் அடைக்கும்.

மானியத்தில் போட்ட குழாய். போட்ட மறு வருஷமே பாதி டிரிப்பரில் தண்ணீர் சொட்டவில்லை. என் தம்பி அவசரக்காரன். மோட்டாரை முழு வேகத்தில் ஓடவிட்டு அடைப்பைத் தள்ளிவிடலாம் என்று பார்த்தான். இணைப்பு ஒன்று பிய்த்துக்கொண்டு தண்ணீர் ஆளுயரத்துக்குப் பீச்சியது. அப்பா ஓடிவந்து மோட்டாரை நிறுத்தினார். பிறகு அமிலத்தைக் கலந்து குழாய்க்குள் விட்டு, இரவு முழுக்க அப்படியே வைத்திருந்து, காலையில் குழாய்களின் கடைசி மடிப்புகளைப் பிரித்துவிட்டு அலசினார். கலங்கலாகப் போன தண்ணீர் கொஞ்ச நேரத்தில் தெளிந்தது. "அமுக்குனா வெடிக்கும்டா. ஊறட்டும், அதுவா விடும்" என்றார். அந்தப் பேச்சு எனக்கு மறுபடி தேவைப்படும் என்று அன்றைக்கு நினைக்கவில்லை.

2019 கடைசியில் அப்பாவுக்கு மலத்தில் ரத்தம் போனது. மூலம் என்று நாட்டு மருந்து சாப்பிட்டுக்கொண்டு எங்களிடம் சொல்லாமல் இருந்தார். டிசம்பரில் திருச்சியில் பெருங்குடல் கட்டியை வெட்டி எடுத்தார்கள். பக்கத்து நெறிக்கட்டிகளிலும் பரவியிருந்ததால் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை என்று 12 முறை கீமோ கொடுக்க வேண்டும் என்றார்கள்.

எங்கள் பக்கத்தில் ரத்தக் குழாய்க்கும் நரம்பு என்றுதான் பெயர். "நரம்பு கிடைக்கல" என்று சொல்லி அறுவைச் சிகிச்சை சமயத்தில் அப்பாவின் இரண்டு கைகளையும் குத்திக் குத்தி நீலமாக்கியிருந்தார்கள். மண்வெட்டி பிடித்த கைகள். நரம்பு கயிறு மாதிரி புடைத்துத் தெரியும், ஆனால் ஊசி பட்டதும் நழுவிவிடும். கீமோ மருந்தோ நரம்புக்கு வெளியே கசிந்தால் சதையைப் புண்ணாக்கக்கூடியது. அதனால் 2020 ஜனவரி கடைசியில் பிக் லைன் போட்டார்கள்.

வலது மேற்கையின் உட்பக்கம், முழங்கைக்கு மேலே, ஸ்கேன் கருவியில் பார்த்துக்கொண்டே ஒரு மெல்லிய குழாயைச் செலுத்தினார்கள். உள்ளே போனது 40 சென்டிமீட்டர். நுனி இதயத்துக்குள் ரத்தம் நுழையும் பெரிய சிரையில், வாசற்படிக்குச் சற்று மேலே நின்றது. வெளியே தெரிந்தது 4 சென்டிமீட்டர் குழாயும், ஒரு கிளாம்பும், முனையில் ஒரு மூடியும்தான். அப்பா அதை லைன் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. "கொடி" என்பார். "பாப்பா, கொடி அரிக்குது." "பாப்பா, கொடியில சட்டை மாட்டிக்கிச்சு." கேட்கும்போதெல்லாம் தொப்புள்கொடிதான் எனக்கு நினைவுக்கு வரும்.

லைனைப் பார்த்துக்கொள்ளச் சொல்லித்தந்தவர் திருச்சி மருத்துவமனை சிஸ்டர் ஒருவர். கையில் ஒரு தாளும் கொடுத்தார்கள். முழுக்க ஆங்கிலம். நான் பெரம்பலூரில் பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். அகராதியை வைத்துக்கொண்டு எப்படியோ படித்துவிடுவேன். பக்கத்துக் கட்டிலில் இருந்த ஓர் அம்மாவின் மகனும் படிக்கவில்லை, மருமகளும் படிக்கவில்லை. அவர்கள் அந்தத் தாளை மடித்து, ரேஷன் கார்டு வைத்திருந்த பையில் பத்திரமாக வைத்தார்கள். இதயத்தின் வாசல் வரை போகிற ஒரு குழாயை வீட்டுக்கு அனுப்பும்போது, அதைப் பார்த்துக்கொள்ளும் வழியையும் அந்த வீட்டின் பேச்சில்தான் அனுப்ப வேண்டும். இதில் எனக்கு அன்றும் கோபம், இன்றும் கோபம்.

அந்தச் சிஸ்டர் தாளை நம்பாதவர். என் கையைப் பிடித்துக் காட்டினார். பத்து மில்லி சிரிஞ்சுதான் எடுக்க வேண்டும். சின்னச் சிரிஞ்சில் அதே பலத்துக்கு உள்ளே அழுத்தம் கூடிக் குழாய் கிழிந்துவிடும். மூடியை ஸ்பிரிட் பஞ்சால் 15 விநாடி அழுத்தித் தேய்க்க வேண்டும். காய விட வேண்டும். சலைனை ஒரேயடியாகத் தள்ளக்கூடாது. கொஞ்சம் தள்ளு, நிறுத்து, கொஞ்சம் தள்ளு, நிறுத்து. அப்போதுதான் உள்ளே சுழல் உண்டாகி, சுவரில் ஒட்டியதெல்லாம் கழுவிக்கொண்டு போகும். கடைசிச் சொட்டு போகும்போதே கிளாம்பைப் போட வேண்டும், இல்லையென்றால் ரத்தம் நுனியில் ஏறி உறையும். வாரம் ஒரு முறை டிரெஸ்ஸிங் மாற்ற வேண்டும். வெளியே தெரியும் நீளத்தை ஒவ்வொரு முறையும் அளக்க வேண்டும். 4 என்பது 6 ஆனால் நுனி இடம் மாறிவிட்டது என்று அர்த்தம். உள்ளே தள்ளிவிடக் கூடாது, ஓடிவர வேண்டும். அந்தக் கையில் பி.பி. பார்க்க விடக்கூடாது.

"அறுந்துட்டா?" என்று அப்பா கேட்டார்.

"அறுந்த இடத்துக்கு மேல, உடம்புப் பக்கமா, மடிச்சு இறுக்கிப் பிடிச்சுக்கணும் ஐயா. காத்து உள்ள போயிடக் கூடாது."

"டிரிப்பு டியூபைக் கடைசியில மடக்கிப் போடுவோமே, அது மாதிரி."

சிஸ்டர் சிரிக்காமல் யோசித்து, "ஆமாங்க ஐயா, அதேதான்" என்றார். எனக்கு அவர்மேல் மரியாதை வந்தது அந்த இடத்தில்தான்.

15 விநாடி என்பதை நான் குறளால் அளந்துகொண்டேன். ஒரு குறளை வகுப்பில் சொல்வதுபோல நிதானமாக இரண்டு முறை சொன்னால் சரியாக இருக்கும். சிஸ்டர் சொன்னதையெல்லாம் 40 பக்க நோட்டில் தமிழில் எழுதி, தேதி போட்டு, அளவு போட்டு வைத்தேன்.

முதல் இரண்டு மாதம் பெரிய வம்பு எதுவும் இல்லை. மருந்து ஏறிய பிறகு ஒரு வாரம் அப்பாவால் குளிர்ந்த எதையும் தொட முடியாது. காலையில் இரும்புக் கதவைத் தொட்டாலே கரண்ட் அடித்த மாதிரி விரல் சுருக்கென்னும். பானைத் தண்ணீர் குடித்தே வளர்ந்தவர், மாசி பங்குனி வெயிலில் வெந்நீர் குடித்தார். மருந்தில் ஒரு பகுதி 46 மணி நேரம் மெதுவாக ஏற வேண்டும். அதற்கு ஒரு பிளாஸ்டிக் குப்பி தருவார்கள், உள்ளே பலூன். பலூன் தானே சுருங்கச் சுருங்க மருந்து லைனுக்குள் போகும். அம்மா பழைய புடவைக் கிழிசலில் சுருக்குப் பை தைத்து, அதைக் கழுத்தில் மாட்டிவிட்டார். குப்பியும் கையுமாக அப்பா திண்ணையில் உட்கார்ந்து சிமெண்ட் லாரிகளை எண்ணுவார்.

அந்த லாரிகள்தான் எனக்குப் பெரிய கவலை. சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரி ஒன்று போனால் தெருவே வெளுத்துப்போகும். டிரெஸ்ஸிங் மாற்றும் நாளில் ஜன்னலை மூடி, ஃபேனை நிறுத்தி, வாயில் மாஸ்க் கட்டி, அம்மாவையும் பேசக்கூடாது என்று சொல்லி, சாமி அறை மாதிரி ஆக்கிவிடுவேன். ஃபேன் நின்றதும் எனக்கு வேர்க்கும். நெற்றி வேர்வை டிரேயில் விழக்கூடாதென்று தலையில் துண்டு கட்டிக்கொள்வேன்.

கொரோனா ஊரடங்கால் மார்ச் 24 மாலையோடு எல்லாம் நின்றது. லாரி நின்றது. ரயிலும் நின்றது, விழுப்புரம்–திருச்சி பாதையில் சரக்கு வண்டி மட்டும் எப்போதாவது போகும். பள்ளிக்கூடம் ஏற்கெனவே மூடியிருந்ததால் நான் அப்பா வீட்டோடு வந்துவிட்டேன். தெரு சுத்தமானது. முருங்கை இலை பச்சையாகத் தெரிந்ததை அந்த ஏப்ரலில்தான் பார்த்தேன். ஆனால் டிரெஸ்ஸிங்குக்குக் கொடுக்கும் ஒட்டுத்தாளும் சலைனும் திருச்சியில் இருந்தன. மாவட்ட எல்லைகளில் தடுப்பு. எங்களுக்கு அரியலூர்தான் கிட்டம், ரேஷன் கார்டு பெரம்பலூர். 1995இல் திருச்சியிலிருந்து பெரம்பலூர் பிரிந்தது, 2001இல் அரியலூர் அதிலிருந்து பிரிந்தது, 2002இல் சேர்ந்தது, 2007இல் மறுபடி பிரிந்தது. இவ்வளவு நாளும் அந்தக் கோடு எங்கே ஓடுகிறதென்று ஊரில் யாரும் கேட்டதில்லை. 2020இல் புளியமரத்தடியில் மூங்கில் கழியைக் குறுக்கே கட்டி, கோடு இதுதான் என்று காட்டினார்கள்.

மருத்துவம், கல்யாணம், சாவு என்றால் பாஸ் கிடைத்தது. கீமோவுக்குப் போகப் பாஸ் வாங்கினோம். 46 மணி நேரம் முடிந்து குப்பியைக் கழற்றுவதற்கு மறுபடி வர வேண்டாம் என்று சிஸ்டர் எனக்கே சொல்லித்தந்து, வீடியோவில் பார்த்துக்கொண்டே கழற்ற வைத்தார். கையுறை போட்டு, கழற்றிய குப்பியை இரட்டைப் பையில் கட்டி, அடுத்த முறை திருப்பிக் கொண்டுபோவோம். இதில் ஒரு முறையும் பிசகு நேரவில்லை.

பிசகியது ஏப்ரல் நடுவில். குழாயை வாரம் ஒரு முறை சலைனால் கழுவும் ஃப்ளஷ் செய்ய உட்கார்ந்தேன். சிரிஞ்சின் பின்கட்டை நகரவில்லை. சுவரில் தள்ளுவது போலிருந்தது. கிளாம்பைத் திறந்தேனா என்று பார்த்தேன், திறந்திருந்தது. டிரெஸ்ஸிங்குக்குக் கீழே குழாய் மடங்கியிருக்கிறதா என்று பார்த்தேன், இல்லை. அப்பாவைக் கையைத் தூக்கச் சொன்னேன், இருமச் சொன்னேன், படுக்கச் சொன்னேன். நகரவில்லை. கட்டைவிரல் தானாக இன்னும் கொஞ்சம் பலம் கொடுக்கப் போனது. பயம் வந்தால் கை தள்ளத்தான் பார்க்கும். இது எனக்கு அன்று தெரிந்தது.

அப்பா தன் இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்தார். "அமுக்காத பாப்பா" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

இதற்கு முன் ஒரு தரம், பிப்ரவரியில், பக்கத்தில் ஓர் இடத்தில் ரத்தப் பரிசோதனைக்குப் போனபோது அங்கிருந்த பெண் இந்தக் குழாயைப் பார்த்து, "டயாலிசிஸ் டியூபா?" என்று கேட்டு, இரண்டு மில்லி சிரிஞ்சை மாட்டப் போனாள். நான் தடுத்துவிட்டேன். அவள்மேல் எனக்கு வருத்தமில்லை. அவளுக்கு யாரும் காட்டவில்லை. பெரிய ஊரில் லைனைப் போட்டு அனுப்புகிறார்கள், சின்ன ஊரில் அதைப் பார்த்தவரே இல்லை. இந்த இடைவெளியில்தான் நோயாளி நிற்கிறார்.

மறுநாள் பாஸ் வாங்கி, தெரிந்தவர் காரில் திருச்சி போனோம். நெடுஞ்சாலையில் எங்களைத் தவிர ஆம்புலன்ஸும் காய்கறி வண்டியும்தான். சிஸ்டர் யூரோகைனேஸ் என்ற மருந்தைக் கொஞ்சமாகக் குழாய்க்குள் இறங்க வைத்தார். தள்ளவில்லை, வெறும் சிரிஞ்சால் உள்ளே இருப்பதை இழுத்து, அந்த வெற்றிடம் தானே மருந்தை உறிஞ்சிக்கொள்ளும்படி செய்தார். ரத்தக்கட்டைக் கரைக்கிற மருந்து. "அரை மணி நேரம் ஊறணும், அப்புறம் பாக்கலாம்" என்றார். அப்பா என்னைப் பார்த்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அரை மணி கழித்து இழுத்தார், ரத்தம் வரவில்லை. இன்னும் ஊறட்டும் என்று விட்டுவிட்டுப் போனார். காத்திருந்த நேரத்தில் இந்தக் குழாய்க்கெல்லாம் மூலம் யார் என்று செல்போனில் தேடிப் படித்தேன். 1929இல் ஜெர்மனியில் எபர்ஸ்வால்டே என்ற சிறு நகர மருத்துவமனையில் வெர்னர் ஃபோர்ஸ்மன் என்ற இளம் மருத்துவர், கை நரம்பு வழியாக இதயத்தைத் தொடலாம் என்று நம்பினார். மேலதிகாரி கூடாது என்றுவிட்டார். கெர்டா டிட்ஸன் என்ற செவிலி, என் உடம்பில் செய்யுங்கள் என்று முன்வந்தார். அவரை மேசையில் கட்டிப் படுக்கவைத்துவிட்டு, ஃபோர்ஸ்மன் தன் இடது கையிலேயே குழாயை 65 சென்டிமீட்டர் செலுத்திக்கொண்டார். பிறகு மாடிப்படி இறங்கி நடந்துபோய் எக்ஸ்ரே எடுத்து, நுனி இதயத்தில் இருப்பதைக் காட்டினார். வேலை போயிற்று. வேறு இருவரோடு சேர்த்து நோபல் பரிசு கொடுத்தது 1956இல்.

அப்பாவுக்கு இதைச் சொன்னேன். முழுதாகக் கேட்டுவிட்டு, "எந்த வருஷம்ன?" என்றார். 1956 என்றேன். "மருதையாத்துல ரயில் கவுந்த வருஷம்" என்றார். எங்கள் பக்கத்தில் அந்தத் தலைமுறைக்கு அதுதான் வருஷக்கணக்கு. நவம்பர் 23, விடியும் முன்பு, வெள்ளத்தில் அரித்துப்போன மருதையாற்றுப் பாலத்தில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பொறுப்பேற்று ரயில்வே அமைச்சர் லால்பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். அப்பாவுக்கு அப்போது ஐந்து வயது. தாத்தா தோளில் உட்கார்ந்து கரையில் நின்று பார்த்தாராம். கீமோ வார்டில், மாஸ்க் போட்டுக்கொண்டு, அந்தக் கதையை முழுவதும் சொன்னார். சொல்லி முடிக்கும்போது சிஸ்டர் வந்து சிரிஞ்சை மெல்ல இழுத்தார். கருஞ்சிவப்பாக ஒரு நூல் ஏறியது. பிறகு நன்றாகவே வந்தது. அந்த ரத்தத்தை எடுத்துக் கொட்டிவிட்டு, சலைனால் அலசினார். கொஞ்சம் தள்ளு, நிறுத்து.

மே மாதம்தான் எங்களைப் பிடித்து உலுக்கியது. கோயம்பேடு காய்கறிச் சந்தையில் நோய் பரவி, மே 5ஆம் தேதி சந்தையை மூடினார்கள். அங்கே மூட்டை தூக்கிக்கொண்டிருந்த எங்கள் ஆட்கள் அதற்கு முன்பே லாரி ஏறி ஊர் திரும்பியிருந்தார்கள். அரியலூரிலும் பெரம்பலூரிலும் கடலூரிலும் விழுப்புரத்திலும் தொற்று மளமளவென்று ஏறியது. பள்ளிக்கூடங்களில் அவர்களைத் தங்கவைத்தார்கள். எங்கள் தெருமுனையில் தகரம் அடித்தார்கள். யாருக்காவது இருமல் கேட்டால் கதவு சாத்தும் சத்தம் கேட்கும். பிழைக்கப் போய்த் திரும்பி வந்த பையன்கள் என்ன குற்றம் செய்தார்கள்? ஊர் அவர்களைப் பார்த்த பார்வையை நினைத்தால் இன்றும் மனம் வலிக்கிறது.

அக்கினி நட்சத்திரம் நடந்துகொண்டிருந்தது. வேர்வையில் ஒட்டுத்தாளின் ஓரம் தூக்கிக்கொள்ளும். கீழே தோல் சிவந்து அப்பா இரவெல்லாம் சொரியாமல் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பார். வாரம் ஒரு தரம் மாற்றுவதை இரண்டு தரம் மாற்றினேன். இரண்டாவது வாரத்தில் ஒரு நாள், மாலை 4 மணிக்கு ஃப்ளஷ் செய்தேன். சலைன் தடையில்லாமல் போனது. முக்கால் மணி நேரம் கழித்து அப்பா, "ஒரு போர்வை குடு பாப்பா" என்றார்.

அந்த வெயிலில் போர்வை. கொடுத்தேன். இன்னொன்று கேட்டார். பிறகு கட்டில் ஆடத் தொடங்கியது. பல் கிட்டித்து, தாடை அடித்துக்கொண்டது. அம்மா விபூதியை எடுக்க ஓடினார். நான் நோட்டை எடுத்தேன். சிஸ்டர் சொல்லி நான் எழுதிய வரி முதல் பக்கத்திலேயே இருந்தது: ஃப்ளஷ் செய்த ஒரு மணி நேரத்துக்குள் குளிர் நடுக்கம் வந்தால் லைனில் கிருமி, காத்திருக்கக் கூடாது, கீமோ நோயாளிக்கு 100.4க்கு மேல் காய்ச்சல் என்றால் அது இரவானாலும் கிளம்ப வேண்டியது. தெர்மாமீட்டர் 102 காட்டியது.

108க்கு அடித்தேன். கவச உடை போட்டு வந்தார்கள். தெருவில் விளக்கு எரிந்த வீடெல்லாம் விளக்கை அணைத்தது. காய்ச்சல் என்ற ஒரு சொல்லே போதும், அந்த மாதத்தில் எல்லோருக்கும் ஒரே நோய்தான். நாங்கள் போன ஆஸ்பத்திரியிலும் அப்பாவை நேராகக் காய்ச்சல் வார்டுக்குத்தான் கொண்டுபோனார்கள். மூக்கில் குச்சி விட்டு எடுத்தார்கள். முடிவு நாளைக்கு என்றார்கள். அதுவரை காத்திருக்க வேண்டும். சளி இல்லை, இருமல் இல்லை, ஃப்ளஷ் செய்த பிறகு வந்தது என்று பார்த்தவரிடமெல்லாம் சொன்னேன். ஒருவர் தள்ளி நின்று, "மேடம், எல்லாருக்கும் இப்படித்தான் சொல்றாங்க" என்றார். அவருக்கும் பயம். ஆனால் அப்பாவுக்கு ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டிருந்தது.

பணியில் ஓர் இளம் மருத்துவர் இருந்தார். கண்ணாடிக் கவசத்துக்குள் முகம் தெரியவில்லை, குரல் மட்டும்தான். அவர் நோட்டை வாங்கிப் பார்த்தார். மூன்று மாதத் தேதிகள், நீள அளவு, அடைப்பு வந்த நாள், ஃப்ளஷ் செய்த மணி, நடுங்கத் தொடங்கிய மணி. படித்துவிட்டுத் திருச்சி மருத்துவரிடம் என் போனிலேயே பேசினார். பேசிய பிறகு எல்லாமே வேகமாக நடந்தது. ரத்தம் இரண்டு குப்பிகளில் எடுத்தார்கள், ஒன்று லைனிலிருந்து, ஒன்று இடது கையிலிருந்து. முதல் ஆன்டிபயாடிக் ஊசியை லைனில் போடாமல் இடது கை நரம்பில் போட்டார்கள். நரம்பு கிடைக்க ஐந்து குத்து. அப்பா முனகவில்லை. இரவு 11 மணிக்கு ஆம்புலன்ஸ் திருச்சிக்குக் கிளம்பியது.

அந்த மருத்துவரின் பெயர் எனக்குத் தெரியாது. கேட்கத் தோன்றவில்லை.

மறுநாள் கொரோனா இல்லை என்று வந்தது. ரத்தக் குப்பிகளின் முடிவை மருத்துவர் விளக்கினார்: இரண்டிலும் ஒரே கிருமி வளர்ந்திருக்கிறது, ஆனால் லைனிலிருந்து எடுத்தது மூன்று மணி நேரம் முந்தி வளர்ந்துவிட்டது. இரண்டு மணி நேரத்துக்கு மேல் முந்தினால் கிருமியின் வீடு லைன்தான். கொடியை அன்றே உருவினார்கள். அப்பா பத்து நாளைக்கு மேல் ஆஸ்பத்திரியில் இருந்தார். கீமோ தள்ளிப்போனது.

நான் அந்த நான்கு மணியைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். மூடியைத் தேய்க்கும்போது வாசலில் கிராம சுகாதாரச் செவிலி பெயர் விசாரித்துக் கூப்பிட்டார். "இதோ வரேன்" என்று சொன்னேன். குறளை இரண்டாவது முறை சொன்னேனா? நினைவில்லை. சிஸ்டரிடம் போனில் இதைச் சொன்னபோது அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "அதுவாவும் இருக்கலாம் டீச்சர், வேர்வையில ஓரம் தூக்கிச்சே, அதுவாவும் இருக்கலாம். நாங்க இங்க செய்யும்போதும் வருது" என்றார். ஆறுதலுக்காகப் பொய் சொல்லாமல், பழியும் போடாமல் பேசிய அந்த வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் ஜூன் மாதம் இடது கையில் இரண்டாவது லைன் போட்டபோது மறுபடி சிரிஞ்சைத் தொட்டேன்.

இந்த முறை நோட்டை இன்னும் விரிவாக எழுதினேன். ஒவ்வொரு வரியையும் அம்மாவிடம் படித்துக் காட்டி, அவருக்குப் புரிகிறதா என்று பார்த்து மாற்றினேன். "உட்செலுத்தும் முன் முனையைத் தூய்மை செய்க" என்று முதலில் எழுதியிருந்தேன். அம்மா, "என்னாடி பண்ணச் சொல்ற?" என்றார். "மூடியை ஸ்பிரிட் பஞ்சால் அழுத்தித் தேய். ஈரம் காயட்டும். பிறகு மாட்டு" என்று மாற்றினேன். இருபது வருஷமாகத் தமிழ் நடத்துகிறேன். யாருக்காக எழுதுகிறோம் என்பதை அம்மா அடுப்படியில் உட்கார்ந்து எனக்கு நடத்தினார். அந்தப் பக்கங்களைச் சிஸ்டர் தன் போனில் படம் எடுத்துக்கொண்டார். வேறு வீடுகளுக்கு அனுப்பியதாகப் பிறகு சொன்னார்.

2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டம் வந்தது. வயிற்று வழி டயாலிசிஸ் செய்பவருக்கு வீட்டிலேயே பை கொண்டுவந்து தருகிறார்கள், படுக்கையில் இருப்பவருக்கு வலி நிவாரண சிகிச்சை தருகிறார்கள். 2022 ஜனவரியில் அரியலூருக்கு அரசு மருத்துவக் கல்லூரியும் வந்துவிட்டது. லைனோடு வீடு திரும்பும் ஒருவருக்கு, வாரம் ஒரு நாள், கற்ற கை ஒன்று வாசலுக்கு வர முடியும் என்றுதான் நான் நம்புகிறேன். பார்க்கிற அதிகாரியிடமெல்லாம் இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

இதெல்லாம் வருவதற்கு முன், 2020 ஆகஸ்ட் கடைசி வாரம். இ-பாஸ் எடுத்துப் போக வேண்டியிருந்த கடைசிப் பயணம் அது. 12ஆவது கீமோ முடிந்திருந்தது. சிஸ்டர் அப்பாவைப் படுக்கவைத்து, மூச்சை அடக்கச் சொல்லி, குழாயை மெதுவாக, விரல் விரலாக உருவினார். அந்த இடத்தில் ஐந்து நிமிஷம் அழுத்திப் பிடித்து, காற்றுப் புகாமல் ஒட்டினார். உருவியதை அளந்து, போட்ட நீளம் முழுசாக வந்துவிட்டது என்று என்னிடம் காட்டினார். நோட்டில் எழுதிக்கொண்டேன். அப்பா பார்த்துவிட்டு, "இதுக்குத்தானா அவ்வளவு பாடு" என்றார்.

ஆவணியில் மழை பிடித்தது. அப்பா கொல்லைக்குப் போகத் தொடங்கியிருந்தார், மண்வெட்டி இல்லாமல். ஒரு நாள் காலையில் திண்ணையிலிருந்து கூப்பிட்டார்.

"பாப்பா, அந்தப் பெரிய சிரிஞ்சு மிச்சம் இருக்கா?"

பிரிக்காத பத்து மில்லி சிரிஞ்சுகள் ஏழு இருந்தன. ஒன்றைக் கொடுத்தேன். கன்றுக்குட்டிக்குப் பூச்சி மருந்து கொடுக்க. அம்மா கன்றின் வாயைப் பிடித்துக்கொண்டார். அப்பா சிரிஞ்சைக் கடைவாயில் வைத்து, கொஞ்சம் தள்ளினார். நிறுத்தினார். கன்று விழுங்கும் வரை பார்த்தார். கொஞ்சம் தள்ளினார்.